மாவில் விழுந்த மழை

நான்கு அங்குல அகலமுள்ள ஒரு தகரத் தட்டில் ஓர் அங்குல உயரத்துக்கு நன்றாகச் சலித்த மாவு. மழை பெய்யும்போது தட்டை வெளியே நீட்டி, சில நொடிகளிலேயே உள்ளே எடுத்துவிட வேண்டும். விழுந்த துளி ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள மாவை நனைத்து ஒரு சிறு உருண்டையாகத் திரண்டிருக்கும். அப்படியே காயவிட்டால் உருண்டைகள் கெட்டிப்படும். பிறகு மாவைச் சலித்து அவற்றைத் தனியே எடுத்து விட்டத்தை அளக்கலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்ற சிற்றூரில் பால்பண்ணை நடத்திய வில்சன் பென்ட்லி 1898 முதல் 1904 வரை மழைத்துளியை இப்படித்தான் அளந்தார். உருண்டையின் அளவுதான் துளியின் அளவு என்று அவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவில்லை. அளவு தெரிந்த நீர்த்துளிகளை உயரத்திலிருந்து மாவில் விழவைத்து, காய்ந்த உருண்டையை அந்தத் துளியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே மழைக்குப் போனார். சுமார் 70 மழைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றோடும் அது இடிமழையா, அடைமழையா, மேகம் எத்தகையது என்ற குறிப்பையும் எழுதிவைத்தார். மிகப் பெரிய துளிகள் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுவதைக் கண்டார். அதற்கு மேல் பெருக்கும் துளி விழும் வேகத்தில் காற்றின் எதிர்ப்பைத் தாங்காமல் தட்டையாகி உடைந்துவிடும் என்பது இன்றைய பாடப்புத்தகச் செய்தி.

1904-இல் இந்த முடிவுகள் அமெரிக்க வானிலைத் துறையின் ‘மன்த்லி வெதர் ரிவ்யூ’ இதழில் வெளியாயின. அந்தக் கட்டுரையில் மழை எப்படி உருவாகிறது என்பதற்கும் பென்ட்லி ஒரு விளக்கம் தந்தார்: சில மழைகள் உயரத்தில் பனிப்படிகமாகப் பிறந்து கீழே வரும் வழியில் உருகியவை, வேறு சில, மேகத்தின் நுண்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெருத்தவை. இந்த இரண்டு வழிகளையும் வானிலை அறிவியல் முழுமையாக வகுத்துக்கொண்டது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். பனிப்படிக வழியை ஸ்வீடனின் டோர் பெர்கெரோன் விரிவாக முன்வைத்தது 1930-களில். பென்ட்லியின் கட்டுரையை அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 1943-இல் அமெரிக்காவில் மண் அரிப்பை ஆராய்ந்த லாஸ், பார்சன்ஸ் இருவரும் மழையின் தீவிரத்துக்கும் துளியின் அளவுக்கும் உள்ள உறவைக் கணக்கிட எடுத்துக்கொண்டது இதே மாவு முறையைத்தான். துளியின் அளவு அற்பமான செய்தியல்ல. ஒரு மில்லிமீட்டர் துளி நொடிக்குச் சுமார் நான்கு மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஐந்து மில்லிமீட்டர் துளி ஒன்பது மீட்டர் வேகத்தில் விழுந்து மண்ணைத் தெறிக்கவைக்கிறது. வானிலை ரேடாருக்குத் திரும்பி வரும் அலையின் வலிமையோ துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். திரையில் தெரியும் வண்ணத்தை மழையளவாக மாற்ற வேண்டுமென்றால், அந்த மழையில் எந்த அளவுத் துளிகள் எத்தனை இருந்தன என்று தெரிந்தாக வேண்டும்.

குளிர்கால நாள்களில் வீட்டோடு இருந்து ஆசைக்குச் செய்யும் வேலைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைப்பதும், படிப்பு என்றால் பள்ளி, பல்கலைக்கழகம், சான்றிதழ் என்று நினைப்பதும் நமக்குப் பழகிப்போயிற்று. பென்ட்லியை முன்வைத்து நான் சொல்ல வருவது வேறு. தானாகக் கற்பவரின் வேலை அறிவியலாவதும் ஆகாமல் போவதும் அவருடைய மேதைமையால் தீர்வதில்லை, நிறுவனத்தின் முத்திரையாலும் தீர்வதில்லை. தன் அளவுகோலையே அவர் சோதித்துப் பார்த்தாரா, மூலத்தைக் கலைக்காமல் வைத்திருந்தாரா, இன்னொருவர் குறை கண்டுபிடிக்கும்படி எல்லாவற்றையும் வெளியே வைத்தாரா என்பவற்றால்தான் தீர்கிறது. இவை யாரும் பழகிக்கொள்ளக்கூடிய ஒழுக்கங்கள். மாவுத் தட்டைவிட இதற்கு நல்ல சான்று, பென்ட்லி நாற்பத்தாறு குளிர்காலங்கள் செய்த இன்னொரு வேலை. அவருடைய பெருமையும் பிழையும் ஒருங்கே தெரிவது அங்கேதான்.

பென்ட்லி 1865-இல் பிறந்தவர். தாயார் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகனுக்குப் பதினான்கு வயது வரை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பையனுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு பழைய நுண்ணோக்கியையும் கொடுத்தார். ஜெரிக்கோ பச்சை மலைத்தொடரின் அடிவாரத்து ஊர். குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும். பையன் நுண்ணோக்கியின் கீழ் பனிப்படிகத்தை வைத்துப் பார்த்து, பார்த்ததை வரைந்துகொள்ள முயன்றான். படம் பாதி முடிவதற்குள் படிகம் உருகிவிடும். உருகாவிட்டால் ஆவியாகி ஓரங்கள் மழுங்கிவிடும். கைக்கு எட்டாத வேலை இது என்று தெரிந்தபோதுதான் புகைப்படக் கருவியை நுண்ணோக்கியோடு இணைத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. துருத்தி வடிவக் கேமரா அன்று விலை உயர்ந்த பொருள். தகப்பனாருக்கு இதில் பெரிய நம்பிக்கையில்லை. ஆனாலும் வாங்கித் தந்தார். பலமுறை தோற்றபின் 1885 ஜனவரி 15 அன்று, பத்தொன்பது வயதில், ஒரு பனிப்படிகத்தின் முதல் நல்ல படம் கிடைத்தது.

அந்த வேலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். நெருப்பு மூட்டாத கொட்டகை. உள்ளே இருப்பதெல்லாம், கண்ணாடிச் சில்லு உட்பட, வெளிக்காற்றைப் போலவே குளிர்ந்திருக்க வேண்டும். வெளியே கறுப்புப் பலகையை நீட்டி விழும் படிகங்களை ஏந்திக்கொண்டு, பூதக்கண்ணாடியால் மேலோட்டமாகப் பார்த்து, உடைந்ததும் ஒட்டிக்கொண்டதுமானவற்றை இறகால் தட்டிவிட வேண்டும். தேர்ந்தெடுத்த படிகத்தை ஒரு துடைப்பக் குச்சியின் நுனியால் தொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து, இறகால் மெல்ல அழுத்திப் படியவைக்க வேண்டும். இவ்வளவுக்கும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மூச்சுக்காற்று பட்டால் எல்லாம் போயிற்று. கேமராவின் நீளத்தால் பின்னால் நின்று பார்ப்பவரின் கை குவியம் திருகும் இடத்துக்கு எட்டாது. அதற்காகக் கயிறும் சக்கரமும் வைத்து ஒரு அமைப்பை அவரே செய்துகொண்டார். கம்பளிக் கையுறையோடு திருக வசதியாக இருந்ததும் அதனால்தான். பின்னாலிருந்து ஒளி வர, வில்லையின் துளையை மிகச் சிறிதாகக் குறைத்தால் படம் கூர்மையாகும். ஆனால் ஒளி குறைவதால் படத்தட்டை வெகு நொடிகள் திறந்துவைக்க வேண்டியிருக்கும். அத்தனை நேரமும் படிகம் உருமாறாமல் இருக்க வேண்டும். இதை எந்தப் பள்ளியிலும் அவர் கற்கவில்லை. கற்றுக்கொடுக்க அன்று உலகத்தில் இரண்டொருவர்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

இப்படி 5,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவை வெறும் அழகுப் படங்களாக நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. எந்தத் தேதி, என்ன வெப்பநிலை, எத்தகைய மேகம், புயலின் எந்தப் பகுதி தலைக்கு மேல் கடந்துகொண்டிருந்தது என்று படத்தோடு சேர்த்துக் குறித்துவைத்ததால், உருவத்துக்கும் காற்றின் நிலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. தான் கடந்துவந்த காற்றடுக்குகளின் தடயங்களைப் படிகம் தன் உருவத்தில் சுமந்து வருகிறது என்று 1902-லேயே எழுதினார். இது சரியான உள்ளுணர்வு. பனிப்படிகம் ஆறு பக்கமாக வளர்வதற்குக் காரணம், நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாகக் கோத்துக்கொள்வது. ஆனால் அந்த அறுகோணம் தட்டையாகப் பரவுமா, தூணாக நீளுமா என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அருகில் தட்டுகள். மைனஸ் 5 அருகில் ஊசிகளும் தூண்களும். மைனஸ் 15 அருகில் மறுபடி தட்டுகள், ஈரப்பதம் மிகுந்திருந்தால் கிளைவிட்ட நட்சத்திரங்கள். மேகத்துக்குள் படிகம் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு கணமும் நிலைமை மாறுகிறது. ஆறு கைகளும் ஒரே இடத்தில் இருப்பதால் ஆறும் ஏறத்தாழ ஒரே மாதிரி மாறுகின்றன. இரண்டு படிகங்கள் ஒரே பாதையில் வருவதில்லை. ஆகவே உருவமும் ஒத்துப்போவதில்லை. தூண்கள், எளிய தட்டுகள் போன்ற சிக்கலற்ற வகைகளில் மிக நெருங்கிய ஒற்றுமை தென்படுவதுண்டு. பென்ட்லியின் பேரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட ‘இரண்டு பனித்துகள்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை’ என்ற வாசகத்தைக் கிளைவிட்ட நட்சத்திரங்களோடு நிறுத்திக்கொள்வதே சரி.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் வருகிறது. அதை எழுப்பியவரும் சாதாரணமானவரல்ல. ஜெர்மனியின் வானிலை அறிஞர் குஸ்டாஃப் ஹெல்மன், பெர்லின் மருத்துவர் ரிச்சர்ட் நோய்ஹாஸ் எடுத்த பனிப்படிகப் படங்களோடு 1893-இல் ஒரு நூல் வெளியிட்டவர். அந்தப் படங்களில் படிகங்கள் அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஒரு கை குட்டை, ஒரு பக்கம் சிதைவு. பென்ட்லியின் படிகங்களோ கச்சிதமாக இருந்தன. பென்ட்லி படத்தைத் திருத்துகிறார், ஓரங்களை வெட்டுகிறார் என்று ஹெல்மன் குற்றம் சாட்டினார். ஓரளவு உண்மைதான். வெள்ளைப் படிகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நெகட்டிவில் படிகத்தைச் சுற்றியிருந்த ரசாயனப் பூச்சைப் பென்ட்லி கத்தி முனையால் சுரண்டி எடுத்தார். அப்போதுதான் அச்சில் பின்னணி கறுப்பாக வரும். ஒரு படத்துக்குச் சில மணி நேரம்கூட ஆகும் வேலை அது. சுரண்டுகிற கை கொஞ்சம் தவறினால் படிகத்தின் விளிம்பும் போய்விடும். தன் சார்பில் பென்ட்லி சொன்னது, சுரண்டியது நகல் தகட்டில்தான், மூலத் தகடு அப்படியே இருக்கிறது என்பது. இந்தப் பதில் முக்கியமானது. மூலம் இருந்தால் திருத்தத்தை எவரும் சரிபார்க்கலாம். இல்லாவிட்டால் பென்ட்லியின் வாக்கை நம்புவதைத் தவிர வேறு வழியிருந்திருக்காது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சுரண்டலைப் பற்றிய சர்ச்சையில் அது பின்னுக்குப் போய்விட்டது. கறுப்புப் பலகையில் விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றை இறகால் தட்டிவிட்டு அழகானதை மட்டும் படமெடுத்தார் என்பதே அந்தக் குறை. ஒவ்வொரு படமும் உண்மை. ஆனால் எல்லாப் படங்களையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு வானத்திலிருந்து விழுவதெல்லாம் நட்சத்திரங்கள் என்ற பொய்யான எண்ணம் வரும். இதைக் கணக்கோடு நேர் செய்தவர் ஜப்பானின் நகாயா உக்கிச்சிரோ. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான அவர் பனியில் இறங்கக் காரணங்களில் ஒன்று, 1931-இல் பென்ட்லியும் டபிள்யூ. ஜே. ஹம்ஃப்ரீஸும் வெளியிட்ட, 2,400-க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட ‘ஸ்னோ கிரிஸ்டல்ஸ்’ நூல். டொக்காச்சி மலைச் சரிவில் ஒரு குடிசையில் இருந்துகொண்டு நகாயா அழகு பார்க்காமல் எல்லா வகையையும் படமெடுத்து வகைப்படுத்தினார். ஒழுங்கற்றவையே மிகுதி, கச்சிதமான நட்சத்திரம் அபூர்வம் என்று காட்டினார். 1936 மார்ச் 12 அன்று குளிரறையில் முயல் மயிரின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி வளர்த்துப் பார்த்து, எந்த நிலையில் எந்த உருவம் என்ற வரைபடத்தையும் உருவாக்கினார். மேலே சொன்ன மைனஸ் 5, மைனஸ் 15 கணக்கெல்லாம் அந்த வழியில் வந்தவை. பென்ட்லியால் இதைச் செய்திருக்க முடியாது. ஆய்வகம் வேண்டும், இயற்பியல் பயிற்சி வேண்டும். ஆனால் தேர்வில் இருந்த சாய்வு கண்டுபிடிக்கப்பட்டதும் திருத்தப்பட்டதும், படங்கள் பொதுவில் கிடந்ததால்தான். பெட்டிக்குள் பூட்டி வைத்த பொழுதுபோக்காக இருந்திருந்தால் தவறும் அங்கேயே பத்திரமாக இருந்திருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் பணம் பற்றியது. நுண்ணோக்கி கொடுக்க ஒரு தாய், கேமரா வாங்கித்தர ஒரு தகப்பன், சொந்த நிலம், பண்ணையைக் கவனிக்க ஒரு சகோதரன். இத்தனையும் அமைந்தவரைக் காட்டி ‘யாரும் செய்யலாம்’ என்பது நியாயமா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். தானாகக் கற்றவர் என்று நாம் புகழ்கிற ஒவ்வொருவருக்கும் பின்னால் கொடுத்துதவிய கைகள் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டுத் தனிமனிதப் பெருமை பேசுவது உண்மைக்குப் புறம்பு. எழுத்துக்கும் அவருக்கு உதவி வேண்டியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் படமெடுத்த பிறகு 1898-இல் அவருடைய முதல் கட்டுரை வெளிவந்ததே வெர்மான்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பெர்கின்ஸ் உடன் எழுதியதால்தான். ஆனால் பணம் வேண்டிய பகுதியையும் வேண்டாத பகுதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பனிப்படம் எடுக்கப் பணம் வேண்டியிருந்தது. மழைத்துளியை அளக்கத் தட்டும் மாவும் சல்லடையும் அளவுகோலும் போதுமாயிருந்தன. அறிவியல் நோக்கில் இவ்விரண்டில் மழைத்துளி வேலையே உயர்ந்தது என்பது என் மதிப்பீடு. அங்கே அவர் அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. தட்டில் விழுந்ததெல்லாம் கணக்கில் வந்தது. வடகிழக்குப் பருவமழையைக் குளிர்காலமாகக் கொண்ட நமக்குப் பனிப்படிகம் வாய்க்காது; ஆனால் ஐப்பசி அடைமழையையும் கார்த்திகை மாலையின் இடிமழையையும் அந்த மாவுத் தட்டு வேறுபடுத்திக் காட்டும்.

நேரம்தான் பணத்தைவிடப் பெரிய மூலதனம் என்பார்கள். அதற்குப் பதில் எளிது: பால்பண்ணைக்காரருக்குக் குளிர்காலத்திலும் விடுமுறை கிடையாது. மாடுகளை இரண்டு வேளையும் கறந்தாக வேண்டும். பனி விழும் நேரம் எதுவென்று முன்கூட்டித் தெரியாது. வந்தபோது பிடித்துக்கொண்டார்.

இனி மூன்றாவது ஆட்சேபம். இதுவே இன்று அதிகம் கேட்கப்படுவது. பென்ட்லியின் காலம் போய்விட்டது. துளியின் அளவையும் வேகத்தையும் லேசர் கருவி தானே கணக்கிடுகிறது, செயற்கைக்கோளும் ரேடாரும் இருக்கின்றன, வீட்டில் இருக்கிறவர் அளந்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். இதற்கு விடை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது. 1997 ஜூலை இறுதியில் ஃபோர்ட் காலின்ஸ் நகரின் மேற்குப் பக்கத்தில் 14 அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டியது. சில மைல் தள்ளிக் கிழக்குப் பக்கத்தில் 2 அங்குலம்கூட இல்லை. வெள்ளத்தில் ஐந்து பேர் உயிரிழந்தனர். எந்தத் தெருவில் எவ்வளவு பெய்தது என்பது பிறகு வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்தபோதுதான் தெளிவானது. அந்த அனுபவத்திலிருந்து மறு ஆண்டு, தட்பவெப்ப அறிஞர் நோலன் டோஸ்கென் முன்னெடுக்க, கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலைப்பின்னல் பிறந்தது. நான்கு அங்குல வாய் கொண்ட ஒரு பிளாஸ்டிக் மழைமானியை வீட்டு முற்றத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துப் பதிவு செய்பவர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் வெள்ளைப் பலகையில் படிந்த பனியின் உயரத்தை அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். பிறகு அதை உருக்கி எவ்வளவு நீர் என்று பார்க்கிறார்கள். தானியங்கிக் கருவிகள் தடுமாறுவது இந்த வேலையில்தான். காற்று வீசினால் பனி மானியின் வாய்க்குள் விழாமல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போய்விடும். பலகையில் படிந்ததை வெட்டியெடுத்து உருக்கும் மனிதரின் கணக்கு அதைவிட நம்பகமாக இருப்பதுண்டு. அமெரிக்க தேசிய வானிலைச் சேவை இந்தப் பதிவுகளைப் பயன்படுத்துகிறது.

எல்லாத் தன்னார்வலர்களும் நாற்பத்தாறு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதில்லை, பென்ட்லியோடு தொடங்கிய எத்தனையோ பேர் பாதியில் விட்டிருப்பார்கள், வென்றவரை மட்டும் வைத்துப் பேசுகிறாய் என்று கடைசியாக ஒரு குற்றச்சாட்டு வரலாம். பென்ட்லியைப் போல் ஆவது எல்லோருக்கும் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் நேர்மையாக எழுதப்பட்ட ஒரு நோட்டுக்கும் பயன் உண்டு. பக்கத்துத் தெருவின் இன்னொரு நோட்டோடு அது சேர்ந்துகொள்ளும். பென்ட்லி பனிப்படங்களில் செய்யத் தவறிய ஒன்றை, கண்ணை ஈர்க்காததையும் பதிவு செய்வதை, கோகோராஸ் வலைப்பின்னல் பதிவாளர்களுக்கு வலியுறுத்துகிறது. ஒரு சொட்டும் விழாத நாளில் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. காலிக் கட்டத்துக்கு ‘பார்க்கவில்லை’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘பெய்யவில்லை’ என்றும் கொள்ளலாம். வறட்சியைக் கணக்கிடுகிறவருக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். அதனால் மழையற்ற நாளிலும் காலையில் போய் மானியைப் பார்த்து, 0.00 என்று எழுதுகிறார்கள்.